மழையில் விரைவோர்

தில்லியின் புசா ரோட்டில் திடீரென மழை பிடித்துக்கொண்டால், மெட்ரோப் பாலத்தின் அடியை நாடி மக்கள் ஓடுவர். தலைமேல் பையைக் கவிழ்த்தவர், ஒரே குடைக்குள் நெருங்கியவர், நனைந்தபடியே நடப்பவர் எனப் பலர். இது ஓவியத்திற்கு உரிய காட்சி என எவரும் எண்ணுவதில்லை. ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே எண்ணினார். எடோ நகரின் மரப்பாலம் ஒன்றில் மழைக்குக் குனிந்து விரையும் வழிப்போக்கர்களை 1857ஆம் ஆண்டில் அவர் படமாக்கினார். அந்த எடோவே இன்றைய டோக்கியோ.

எளிய மக்களின் அன்றாட வாழ்வைக் காட்டும் இத்தகைய படங்கள் 'உகியோ-எ' எனப்படும். இவை மரப்பலகையில் செதுக்கி அச்சிடப்பட்டவை. ஓவியர் மெல்லிய தாளில் கோட்டோவியம் வரைந்து தருவார். செதுக்குநர் அத்தாளைச் செர்ரி மரப்பலகைமீது முகங்கவிழ ஒட்டி, கோடுகளை மட்டும் மேடாக நிறுத்தி, ஏனையவற்றைச் செதுக்கி நீக்குவார். ஓவியர் கைப்பட வரைந்த மூலத்தாள் அப்போதே அழிந்துவிடும்! பின்னர் வெவ்வேறு வண்ணங்களுக்கு வெவ்வேறு பலகைகள் செதுக்கப்படும். பலகையின் ஓரத்தில் வெட்டிய அடையாளத்தில் தாளைப் பொருத்தியே அச்சிடுநர் ஒவ்வொரு வண்ணமாக ஏற்றுவார். தாள் மயிரிழை விலகினாலும் குடையின் நிறம் குடைக்கு வெளியே நிற்கும். இப்பன்னிற அச்சுமுறை 1765 முதல், சுசுகி ஹருனோபுவின் படங்களால் புகழ்பெற்றது.

அச்சில் பல படிகள் எடுக்க இயன்றமையால் விலை குறைந்தது. சாதாரண மக்களும் வாங்கினர். எனினும் படத்தில் ஓவியர் பெயர் இருக்கும். செதுக்குநர், அச்சிடுநர் பெயர்கள் அரிதாகவே இருக்கும். இது முறையன்று. ஹிரோஷிகேயின் மெல்லிய மழைக்கோடுகளை மரத்தில் நிறுத்தியது செதுக்குநரின் உளியன்றோ?

வங்கத்தின் ஹரேன் தாஸ் (1921–1993) தாமே வரைந்து, தாமே செதுக்கி, உழவரையும் மீனவரையும் வண்ண மர அச்சுகளாக்கினார். அவருக்கு முன்னரே நந்தலால் போஸ், 1924இல் தாகூருடன் ஜப்பான் சென்று வந்தவர், 1930இல் தாகூரின் 'சகஜ் பாத்' என்னும் சிறுவர் பாடநூலுக்கு லினோலியத்தில் செதுக்கிய படங்களை அளித்தார். அதே ஆண்டில், கோலூன்றித் தண்டிக்கு நடக்கும் காந்தியடிகளையும் அவ்வாறே செதுக்கினார். நந்தலாலின் படைப்புகள் பல, இந்தியா கேட் அருகே ஜெய்ப்பூர் இல்லத்திலுள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்தில் உள்ளன.

பயிற்சி

1. ஓவியரின் மூலத்தாள் எவ்வாறு அழிகிறது?

2. புசா ரோட்டின் மழைக்காட்சியை அச்சிட எத்தனை வண்ணங்கள் வேண்டும்? எவ்வண்ணத்தை முதலில் ஏற்றுவீர்? காரணம் எழுதுக.