புது ஊரில் பிழைப்பு

சென்னைக் கடற்கரை ரயில் நிலையம் அருகே உள்ள பர்மா பஜாரைத் தோழியர் பலர் பார்த்திருப்பீர்கள். அது ஒரு பாடசாலை என்பேன்.

1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி ஏற்பட்டது. பின்னர் கடைகள் அரசுடைமையாயின. 1964-இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமற்போயின. தமிழர் பல்லாயிரவர் கப்பலேறித் திரும்பினர். சேர்த்த பணத்தையும் நகையையும் கொண்டுவர முடியவில்லை. அங்கேயே பிறந்தவர்களுக்குச் சென்னையும் அந்நிய ஊரே.

அவர்கள் என்ன செய்தனர்? கையில் மிஞ்சியதை முதலில் எண்ணிப் பார்த்தனர். வியாபாரப் பழக்கமும் சமையல் பக்குவமும் இருந்தன. அடுத்து, இவ்வூரில் கிடைக்காதவற்றை விற்றனர். வெளிநாட்டுப் பொருள்கள் கடைகளில் நிறைந்தன. தெருவோரத்தில் 'அத்தோ' மணத்தது. மூன்றாவதாக, ஊருக்கேற்ப மாறினர். மீன் சேர்த்துச் செய்யும் பர்மிய 'மொகிங்கா' இங்கே வாழைத்தண்டு சூப் ஆயிற்று.

திருக்குடும்பமும் எகிப்தில் அந்நியராய் வாழ்ந்ததன்றோ? நாளை நாமும் வேற்றூரில் வேலை தேட நேரலாம். அன்று கலங்காமல், "என்னிடம் என்ன உண்டு? இங்கே என்ன தேவை? நான் எதை மாற்றிக்கொள்ள வேண்டும்?" என்று கேட்போம்.

இன்று நம் வகுப்பிற்குப் புதிதாய் வரும் வெளியூர்ப் பெண்ணுக்குப் பெஞ்சில் சற்று நகர்ந்து இடம் கொடுப்போம்.