குறைமாதப் பிள்ளையும் தாயின் நெஞ்சும்



37 வாரம் நிறைவதற்குள் பிறப்பது குறைமாதக் குழந்தை. நம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலிருந்து இத்தகைய பிள்ளைகளைச் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கோ எழும்பூருக்கோ அனுப்புவதுண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒயர்களோடு கிடக்கும் பிள்ளையைக் கண்டதும், "தொடாதே, ஏதாவது ஆகிவிடும்" என்று பெற்ற தாயையே தடுத்துவிடுகிறோம். அந்தப் பயத்தைப் பற்றித்தான் இம்மாதம் எழுதுகிறோம்.

1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர்கள் போதவில்லை. டாக்டர் எட்கர் ரே என்பவர், குழந்தையைத் தாயின் வெற்று நெஞ்சில் நிமிர்த்தி வைத்துத் துணியால் கட்டச் சொன்னார். கங்காரு முறை என்று பெயர் வந்தது. வேறு வழியில்லாமல் தொடங்கியதுதான். ஆனால் பெட்டி இருக்கும் இடத்திலும் இது தேவை என்று பின்னால் தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வு 2021-ல் வெளியானது. டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் அதில் ஒன்று. 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையுள்ள பிள்ளைகள். தேறும்வரை காத்திருந்து நெஞ்சில் வைத்தவர்களில் 28 நாளுக்குள் நூற்றுக்கு ஏறக்குறைய 16 பேர் இறந்தார்கள். பிறந்த உடனே வைத்தவர்களில் 12 பேர்.

காரணம் எளிது. இப்பிள்ளைகளுக்குத் தோலுக்கடியில் கொழுப்பு இல்லை, சூடு நிற்காது. தாயின் உடல் அந்தச் சூட்டைத் தருகிறது. மூச்சும் இதயத் துடிப்பும் சீராகின்றன, தாய்க்குப் பால் சுரப்பு கூடுகிறது.

டாக்டர் அனுமதித்ததும், டயபர், தொப்பி, சாக்ஸ் மட்டும் போட்டு, தலையை ஒரு பக்கம் திருப்பி, கால்களைத் தவளைபோல் மடக்கி வையுங்கள். கழுத்து மடங்கக் கூடாது, மூக்கு மூடக் கூடாது. ஒரு தடவைக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். நாளுக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல் என்பது இப்போதைய பரிந்துரை. பர்தா பற்றிக் கூச்சப்படும் சகோதரிகள் நர்ஸிடம் திரை கேளுங்கள். முன்பக்கம் திறக்கும் நைட்டி, மேலே ஒரு துப்பட்டா போதும்.

தந்தையின் நெஞ்சும் ஆகும். நைட் ஷிப்ட் முடிந்து வருபவர் குளித்து, கை கழுவி, பகலில் இரண்டு மணி நேரம் வைத்துக்கொண்டால் தாய் சற்றுத் தூங்குவாள். பேரர் ஹஸன் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் முத்தமிட்டதைக் கண்டு, பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்று அக்ரஃ சொன்ன செய்தி நமக்குத் தெரிந்ததே. இன்றும் பிள்ளையைத் தூக்கவே தயங்கும் அக்ரஃகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.

பாட்டிமார்களுக்கு ஒரு வார்த்தை. எண்ணெய் தேய்த்து உருவி விடுவது இப்பிள்ளைகளுக்கு ஆகாது. லேசாக வருடுவதைக்கூட மிகச் சிறிய பிள்ளைகள் தாங்குவதில்லை. தலையில் ஒரு கை, பாதத்தில் ஒரு கை, அசைக்காமல் வைத்தால் அமைதியாகும். நாவில் தேன் தடவ வேண்டாம். ஏழாம் நாள் அகீகாவுக்காக டாக்டர் சொல்லுமுன் டிஸ்சார்ஜ் கேட்கவும் வேண்டாம். பதினான்கிலோ இருபத்தொன்றிலோ, அதற்குப் பின்னரோ கொடுக்க மார்க்க அறிஞர்கள் இடம் தந்திருக்கிறார்கள். முடி இறக்குவதைப் பற்றி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் 2.5 கிலோ எட்டும்வரை இதைத் தொடரலாம். பிள்ளை பால் குடிக்க மறுத்தாலோ, உடல் சில்லிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.