பழைய எட்டணாவுக்கு என்ன விலை? ஒரு முழுமையான வழிகாட்டி

முத்துப்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் பீரோவைத் திறந்தால் ஒரு டப்பா சில்லறையாவது இருக்கும். எட்டணா, ஐம்பது காசு, வெளிநாடு போய் வந்த சபுராளிகள் கொண்டுவந்த காசு எல்லாம் கலந்து கிடக்கும். அதிலிருந்து அரை ரூபாய்களைப் பிரித்து, எதற்கு விலை உண்டு என்று சேர்ந்தே பார்ப்போம்.

என்ன வேண்டும்?

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சின்னக் காந்தம், கிராம் தராசு. எல்லாம் சில நூறு ரூபாய்தான். தராசு இல்லையா? தெரிந்த நகைக்கடையில் எடை போட்டுக்கொள்ளலாம்.

முதலில் ஆண்டு, அடுத்து உலோகம்

1940 முதல் 1945 வரையிலான ஆறாம் ஜார்ஜ் அரை ரூபாயில் பாதி வெள்ளி. 1946-ல் நிக்கலுக்கு மாறினார்கள். காந்தத்தில் ஒட்டினால் நிக்கல். ஒட்டாமல் 5.8 கிராம் காட்டினால், உள்ளே சுமார் 2.9 கிராம் வெள்ளி இருக்கிறது. எவ்வளவு தேய்ந்திருந்தாலும் அன்றைய வெள்ளி விலைக்குக் குறைத்துக் கொடுக்காதீர்கள்.

சுதந்திர இந்தியாவின் புழக்கக் காசில் வெள்ளி கிடையாது. 1960-ல் வந்த 50 நயா பைசா நிக்கல்; 70-களில் செம்பு-நிக்கல்; 1988 முதல் எவர்சில்வர். இவற்றுக்கு அருமையை வைத்துத்தான் விலை.

வெளிநாட்டுக் காசில் அமெரிக்காவின் கென்னடி அரை டாலர் கிடைத்தாலும் இதே வழிதான். 1964 என்றால் 90 சதவீதம் வெள்ளி, 1965–70 என்றால் 40 சதவீதம். அதற்குப் பிறகு புழக்கத்துக்கு வந்ததில் வெள்ளி இல்லை.

நாணயச்சாலைக் குறி

சுதந்திர இந்தியக் காசில் ஆண்டுக்குக் கீழே லென்ஸை வையுங்கள். வைர வடிவம் மும்பை. நட்சத்திரமோ பிளந்த வைரமோ ஹைதராபாத். வட்டப் புள்ளி நொய்டா. எதுவுமே இல்லையென்றால் கொல்கத்தா. ஒரே ஆண்டுக் காசு ஒரு நாணயச்சாலையில் ஏராளமாகவும் இன்னொன்றில் குறைவாகவும் அடிக்கப்பட்டிருக்கலாம். அதனால் ஆண்டையும் குறியையும் சேர்த்தே நோட்டில் எழுதுவோம்.

நினைவு நாணயங்களைத் தனியாக வையுங்கள்: 1964 நேரு, 1969 காந்தி நூற்றாண்டு, 1973 உணவு உற்பத்தி, 1986 மீன்வளம். வயலும் காயலும் உள்ள நம் ஊர்க்காரர்கள் கடைசி இரண்டில் தொடங்கினால் எனக்குச் சந்தோஷம்.

தேய்மானம்

விலையில் பெரும்பங்கு இங்கேதான் முடிவாகிறது. காசை விளிம்பில் பிடித்து, விளக்கடியில் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். ஒளி முகப்பில் சக்கரமாகச் சுழன்றால் அது கைபடாத காசு. சிங்கத்தின் பிடரி மழுங்கியிருந்தால் நன்றாகப் புழங்கியது.

புளி, சாம்பல், பல்பொடி எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், கூடவே நுண்கீறல்களும் வரும். சேகரிப்போர் அதை லென்ஸில் பார்த்ததுமே விலையைக் குறைப்பார்கள்.

எவ்வளவு கேட்கலாம்?

புழங்கிய எவர்சில்வர் ஐம்பது காசுக்கு முகமதிப்புதான். அது இன்றும் செல்லும். மற்றவற்றுக்கு, நாணய ஏல நிறுவனங்கள் வெளியிடும் விற்ற விலையைப் பாருங்கள். இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை கணக்கில் சேராது. உங்கள் காசின் அதே ஆண்டு, அதே குறி, அதே தேய்மானம் உள்ளதோடு ஒப்பிடுங்கள். வியாபாரி அதைவிடக் குறைத்துத்தான் எடுப்பார். அவருக்கும் லாபம் வேண்டுமே.

எச்சரிக்கை

‘ஐம்பது காசுக்கு லட்ச ரூபாய்’ என்று வாட்ஸ்அப்பில் வரும். பிறகு பதிவுக் கட்டணம், வரி என்று முன்பணம் கேட்பார்கள். பழைய நாணய விற்பனையில் தங்களுக்குத் தொடர்பில்லை, கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்தது. யார் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் பணம் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.