கர்ப்பிணிக்கு மூச்சு வாங்குவது இயல்பா?

கேள்வி: தேனி மாவட்டம் கோம்பைப் பகுதியில் முழுகாமல் இருக்கும் பெண்கள், படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று சொன்னால், பிள்ளை மேலே ஏறி நெருக்குகிறது, பிறந்தால் சரியாகிவிடும் என்று பெரியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். கர்ப்பம் நுரையீரலின் வலுவைக் குறைக்கிறதா? விறகடுப்புப் புகைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?
(வாசகி ஒருவர், கோம்பை)

பதில்: பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை. கருப்பை வளர வளர, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரையாகிய உதரவிதானம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் மேலேறுகிறது. ஆனால் வயிறு வெளியே தெரியாத முதல் மூன்று மாதங்களிலேயே பல பெண்களுக்கு மூச்சு வாங்கத் தொடங்கிவிடுவதால், நெருக்கத்தை மட்டும் காரணமாகச் சொல்ல இயலாது. கர்ப்பத்தைக் காக்கும் புரொஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் மூளையின் சுவாச மையத்தைத் தூண்டி ஒவ்வொரு மூச்சையும் ஆழமாக்குவதால், ஒரு நிமிடத்தில் உள்ளே செல்லும் காற்று 30 முதல் 50 விழுக்காடு வரை கூடுகிறது; அந்தக் கூடுதல் உழைப்பைத்தான் பெண் மூச்சு வாங்குவதாக உணர்கிறாள். விலா எலும்புகள் பக்கவாட்டில் விரிந்து மார்பின் சுற்றளவும் 5 முதல் 7 சென்டிமீட்டர் கூடுவதால், உதரவிதானம் மேலேறியதன் இழப்பு பெருமளவு ஈடாகிவிடுகிறது.

ஆகவே நுரையீரலின் வலு குறைவதில்லை. ஸ்பைரோமெட்ரி எனப்படும், குழாயில் ஊதிப் பார்க்கும் சோதனையில், முதல் ஒரு நொடியில் வெளியேறும் காற்றின் அளவு கர்ப்பிணிகளிடமும் ஏறக்குறைய மாறாமலே இருக்கிறது. குறைவது கையிருப்புதான். மூச்சை இயல்பாக விட்ட பிறகு நுரையீரலில் எஞ்சி நிற்கும் காற்று சுமார் 20 விழுக்காடு குறைய, உடலுக்கு வேண்டிய ஆக்சிஜனோ ஏறத்தாழ அதே அளவு கூடுவதால், நிமோனியாவோ ஆஸ்துமாவோ வந்தால் கர்ப்பிணியின் நிலை மற்றவர்களைவிட விரைவாக மோசமாகும்.

மூச்சு வாங்குவது இயல்பு என்று சொல்லிவிடுவதே கிராமத்துப் பெண்ணுக்கு ஆபத்தாகவும் முடியலாம். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழகக் கர்ப்பிணிகளில் 48.3 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய இருவரில் ஒருவருக்கு, இரத்தசோகை இருந்தது. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இறங்கினால் இரத்தம் சுமக்கும் ஆக்சிஜன் குறைய, அதனால் வரும் இளைப்பும் பிள்ளை நெருக்குவதன் கணக்கிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கியிருப்பதும், அதுவரை வெளியே தெரியாமல் இருந்து, இரத்த ஓட்டம் கூடும் கர்ப்ப காலத்தில்தான் பலருக்கு முதன்முதலாக மூச்சிரைப்பாக வெளிப்படுகிறது.

புகைக்கும் மூச்சுக்கும் உள்ள தொடர்பை அடுப்படியிலேயே காணலாம். மழை நாளில் ஈர விறகும் தென்னை மட்டையும் பற்றாமல் போக, குனிந்து ஊதுகுழலால் ஊதும் பெண், ஊதி முடித்ததும் நெடுமூச்சை அடுப்பு வாயிலிருந்து ஒரு முழத் தொலைவில் இழுக்கிறாள். முன்பைவிட ஆழமாக மூச்சிழுக்கும் கர்ப்பிணி அதே அடுப்படியில் முன்பைவிட மிகுதியான புகையை உள்வாங்குகிறாள். சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழகத்தின் கிராமத்திலும் நகரத்திலும் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கனமீட்டர் காற்றில் நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடும்போது குழந்தையின் பிறப்பெடை சராசரியாக 4 கிராம் குறைவது தெரியவந்தது. இந்தியா (தமிழகம்) உட்பட நான்கு நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகளிடையே நடந்து, 2022இல் முடிவு வெளியான ஹேப்பின் ஆய்விலோ, கேஸ் அடுப்பு பெற்ற வீடுகளில் புகை வெகுவாகக் குறைந்தும் பிறப்பெடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அந்த அடுப்புகள் கருவுற்று ஒன்பது வாரங்கள் கடந்த பிறகே தரப்பட்டன என்பதையும், அந்த முடிவு குழந்தையின் எடையைப் பற்றியதே, தாயின் மூச்சைப் பற்றியது அன்று என்பதையும் கருதினால், புகையால் கேடில்லை என்று அதிலிருந்து முடிவுகட்டுவது பிழையாகும். சிலிண்டர் வாங்கியும் வெந்நீருக்கு விறகையே எரிக்கும் வீடுகளில், கர்ப்ப காலத்திலாவது அந்த வேலையை வேறொருவர் ஏற்பது நல்லது.

புகையைப் போலவே பூச்சிமருந்தும் மூச்சைப் பாதிப்பதால், விடியுமுன் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் கர்ப்பிணிகளும், திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்பவர்களும் மருந்தடிக்கும் நாள்களில் விலகியிருக்க வேண்டும். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் மூச்சுக்குழலைச் சுருக்கிச் சளியைப் பெருக்கக்கூடியவை. ஆஸ்துமா உள்ளவர்கள் குழந்தைக்கு ஆகாது என்று அஞ்சி இன்ஹேலரைத் தாமாக நிறுத்தக் கூடாது. தாய்க்கு மூச்சுத் திணறினால் குழந்தைக்கும் ஆக்சிஜன் குறையும்.

கேள்வி: எது இயல்பான மூச்சு வாங்கல், எது நோய் என்று வீட்டிலேயே அறிய வழி உண்டா?

பதில்: உண்டு. கர்ப்பத்தில் மூச்சின் ஆழம்தான் கூடுகிறதே தவிர, எண்ணிக்கை பெரிதாகக் கூடுவதில்லை. கர்ப்பிணியைச் சற்று நேரம் அமைதியாக உட்காரவைத்து, மார்பு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து ஒரு நிமிடம் முழுதும் எண்ண வேண்டும். 20க்கு மேல் போனால் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ உத்தமபாளையம் அரசு மருத்துவமனையிலோ அன்றே காட்டி, ஹீமோகுளோபினையும் இதயத்தையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை கட்டாயம். மல்லாந்து படுக்க முடியாமை, இரவில் திணறி எழுதல், ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாத இளைப்பு, நெஞ்சுவலி, சளியில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் மறுநாள் ஜீப்புக்கோ பஸ்ஸுக்கோ காத்திருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும்.