இரண்டு நாட்டுச் சட்டப் பட்டம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

திருவேற்காட்டிலிருந்து சட்டம் படிக்கக் கிளம்பும் பிள்ளைக்குப் பட்டறைப்பெரும்புதூர் அரசு சட்டக் கல்லூரி மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆனாலும் இப்போது பல வீடுகளில் பேச்சு வேறு: கொஞ்ச காலம் இங்கே, மீதி வெளிநாட்டில், கடைசியில் இரண்டு நாட்டுச் சட்டப் பட்டம். படிப்பில் குறையில்லை. அதைச் சுற்றி உலவும் நம்பிக்கைகள்தான் குடும்பங்களைக் கவிழ்க்கின்றன. 7.5 லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் என்றால் வங்கி பெரும்பாலும் சொத்துப் பத்திரம் கேட்கும். அதைக் கொடுக்கும் முன் இவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம்பிக்கை: இரண்டு பட்டம் இருந்தால் இரண்டு நாட்டுக் கோர்ட்டிலும் வாதாடலாம்.

உண்மை: பட்டம் தருவது பல்கலைக்கழகம், தொழில் செய்யும் உரிமை தருவது அந்தந்த நாட்டு வழக்கறிஞர் அமைப்பு. இந்தியாவில் மாநில பார் கவுன்சிலில் பதிந்து, அகில இந்திய பார் தேர்விலும் தேற வேண்டும். அந்தத் தேர்வு செல்லும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2023 பிப்ரவரியில் உறுதிசெய்தது. இங்கிலாந்தில் சொலிசிட்டர் ஆக, 2021 முதல் எஸ்.க்யூ.இ. தேர்வும் இரண்டாண்டு வேலை அனுபவமும் தேவை. நியூயார்க்கில் தனி பார் தேர்வு.

நம்பிக்கை: ட்வின்னிங், ஜாயின்ட், டூயல் எல்லாம் ஒன்றுதான்.

உண்மை: யு.ஜி.சி.யின் 2022 விதிமுறைகள் மூன்றையும் பிரித்துவைத்திருக்கின்றன. ட்வின்னிங்கில் வெளிநாட்டுப் பங்கு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பட்டம் இந்தியப் பல்கலைக்கழகத்துடையது மட்டுமே. ஜாயின்ட் என்றால் இருவரும் சேர்ந்து தரும் ஒரே சான்றிதழ். டூயல் என்றால்தான் இரண்டு பட்டம். சட்டம் போன்ற தொழிற்படிப்புக்கு அதற்குரிய கவுன்சிலின் ஒப்புதலும் வேண்டும்.

நம்பிக்கை: லண்டனில் படித்து வந்தால் நேராக இங்கே கறுப்புக் கோட்டு மாட்டலாம்.

உண்மை: அது பாரிஸ்டர்கள் காலத்து நினைவு. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, 1976 டிசம்பர் 31 வரை பாரிஸ்டர் ஆனவர்களுக்கே அந்தச் சலுகையைத் தந்தது. இப்போது வெளிநாட்டுப் பட்டத்தை இந்திய பார் கவுன்சில் அங்கீகரித்திருக்க வேண்டும். படிப்புக் காலத்தையும் பார்ப்பார்கள். இங்கே பிளஸ் டூவுக்குப் பின் ஐந்தாண்டு, அல்லது டிகிரிக்குப் பின் மூன்றாண்டு. இங்கிலாந்தில் பள்ளி முடித்த கையோடு மூன்றே ஆண்டில் எல்.எல்.பி. முடிந்துவிடும், சிக்கல் அங்கேதான் ஆரம்பம். அதைத் தாண்டினால் தகுதித் தேர்வு: அரசியல் சாசனம், ஒப்பந்தம், கம்பெனி சட்டம், சிவில் நடைமுறை, கிரிமினல் நடைமுறை, தொழில் ஒழுக்கம்.

ஏன் இத்தனை கெடுபிடி? திருவேற்காட்டில் ஒரு பூர்வீக மனைக்குப் பாகப்பிரிவினை வழக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் ஒத்துப் பார்த்துதான் பூந்தமல்லி கோர்ட்டில் பிராது போட முடியும். 1989-இல் தமிழ்நாடு மணமாகாத மகள்களுக்குக் கொடுத்த பங்கு, 2005-இல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் கொடுத்த பங்கு, பழைய பாகப்பத்திரம் எழுதிய தேதி ஆகியவற்றைப் பொருத்திப் பார்க்கத் தெரிய வேண்டும். காலவரையறைச் சட்டத்தின் கெடு தவறினால் வழக்கே நிற்காது. லண்டன் வகுப்பறையில் இவை எதுவும் வராது. இந்தக் கெடுபிடி நம் பிள்ளைக்குத் தொல்லையாகத் தெரியலாம். அது காப்பது கட்சிக்காரரின் மனையை.

நம்பிக்கை: இந்தியப் பட்டம் மட்டும் இருந்தால் வெளிநாட்டில் மதிப்பில்லை.

உண்மை: எஸ்.க்யூ.இ. எழுத எந்தப் பாடத்தில் பட்டம் இருந்தாலும் போதும். கனடாவில் என்.சி.ஏ. என்ற அமைப்பு நம் பட்டத்தை எடைபோட்டு, எந்தெந்தப் பாடம் எழுத வேண்டும் என்று சொல்லும். இங்கே படித்து, பதிந்து, சில வருடம் தொழில் பார்த்துவிட்டும் போகலாம். செலவும் குறையும்.

நம்பிக்கை: நம் ஊர்க்காரருக்கு இன்னொரு நாட்டுச் சட்டம் எதற்கு?

உண்மை: பக்கத்துப் புதுச்சேரியைப் பாருங்கள். 1881-ஆம் ஆண்டு ஆணையின்படி தங்கள் தனிநபர் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற தமிழ்க் குடும்பங்கள் அங்கே உண்டு. அவர்களின் வாரிசு வழக்கை நடத்த இரண்டு மரபும் தெரிய வேண்டும். பிரெஞ்சு மரபு தொகுத்து எழுதிய சட்டத்திலிருந்து தொடங்கும்; ஆங்கில மரபு முன்தீர்ப்புகளின் மேல் நிற்கும். லண்டன் கிங்ஸ் கல்லூரியும் பாரிஸ் முதலாம் பல்கலைக்கழகமும் இந்த இரண்டையும் ஒரே நான்காண்டுப் படிப்பில் சேர்த்துத் தருகின்றன. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் போன்ற பிரெஞ்சு நிறுவனத்தின் ஆலை ஓடுகிறது. அத்தகைய நிறுவனங்களோடு ஒப்பந்தம் எழுதவும் மத்தியஸ்தம் நடத்தவும் இரண்டும் தெரிந்தவர் வேண்டும். அந்த வேலையில் ஆசையுள்ள பிள்ளைக்கு இது அருமையான படிப்பு.

ஆகவே அட்வான்ஸ் கட்டும் முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். சான்றிதழில் யார் யார் பெயர் இருக்கும்? இந்திய பார் கவுன்சில் இதை அங்கீகரித்திருக்கிறதா? அந்த நாட்டில் தொழில் செய்ய இன்னும் என்ன தேர்வு பாக்கி? கல்லூரி சொல்வதைச் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் ஒருமுறை கேட்டு உறுதிசெய்யுங்கள். பதில் தர மறுக்கும் கல்லூரிக்குப் பணம் கட்டாதீர்கள்.