அடர்முடி நாயோடு வெயிலில் நடக்கும் பிள்ளைகளுக்கு

முப்பது வருடத்துக்கு முன்னால் சென்னையில் எங்கள் தெருவில் பொமரேனியனும் அல்சேஷனும் நாட்டு நாயும்தான் இருந்தன. இன்று அதே தெருவில் மூன்று ஹஸ்கி, இரண்டு கோல்டன் ரிட்ரீவர், ஒரு செயின்ட் பெர்னார்ட். வளர்ப்பவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகத் தொடங்கிய இளம்பிள்ளைகள். 2024-இல் தமிழக அரசு கொண்டுவந்த நாய் வளர்ப்புக் கொள்கை, ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், சௌ சௌ போன்ற குளிர்தேசத்து இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்றது. எதிர்ப்பு வந்ததும் மறுபரிசீலனைக்குப் போனது. எனக்கு அந்தத் தடையில் உடன்பாடுதான். ஆனால் வீட்டுக்கு வந்துவிட்ட நாயை இனி நாம்தானே காப்பாற்ற வேண்டும்? அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. நாய் தானாக நிற்காது. நீங்கள்தான் நிறுத்த வேண்டும்.

மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். எங்களிடம் ராஜா என்று ஒரு கோல்டன் ரிட்ரீவர் இருந்தான். ஒரு மே மாதம், மாலை ஐந்தரை மணி. வெயில் தாழ்ந்துவிட்டது என்று நம்பி மைதானத்தில் அவனுக்குப் பந்து எறிந்தேன். இருபது நிமிடம். எறிந்த ஒவ்வொரு முறையும் ஓடிப்போய் எடுத்து வந்து என் காலடியில் வைத்தான். ஒருமுறைகூட மறுக்கவில்லை. திரும்பும் வழியில் பின்னங்கால்கள் தள்ளாடின. களைப்பு என்று நினைத்து உட்கார வைத்தேன். அவன் அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தபோது உடம்பு 107 டிகிரி ஃபாரன்ஹீட். நாய்க்கு இயல்பான சூடு 101 முதல் 102.5 வரைதான்.

காருக்குள் பூட்டி வைத்தால்தான் நாய்க்கு வெப்பவாதம் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கிலாந்தின் ராயல் வெட்டர்னரி கல்லூரி சார்ந்த ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். அந்நாட்டு நாய்களுக்கு வந்த வெப்பப் பாதிப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக்கு நடையும் ஓட்டமும் விளையாட்டும்தான் காரணம். காரில் அடைபட்டவை நூற்றுக்கு ஐந்து. அந்தக் குளிர் ஊரிலேயே அப்படி என்றால் நம் ஊரை யோசியுங்கள்.

2. கடிகாரத்தைவிடப் புழுக்கத்தைப் பாருங்கள்.

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தடியில் கொஞ்சம் வியர்ப்பதோடு சரி. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து, நாக்கிலும் மூக்கின் உட்புறத்திலும் இருக்கும் ஈரம் காற்றில் உலர உலரத்தான் அதன் உடம்பு குளிரும். காற்றே ஈரமாக இருந்தால் அந்த ஈரம் எப்படி உலரும்? அதனால் வறண்ட ஊரின் 35 டிகிரி செல்சியஸைவிடக் கடலோரத்தின் 32 டிகிரி சில நாளில் மோசமாக இருக்கும். கொடியில் போட்ட துணி காயாமல் பிசுபிசுக்கும் நாளில் நடையைப் பாதியாகக் குறையுங்கள். கோடையில் நல்ல நேரம் விடியற்காலை ஐந்திலிருந்து ஆறரை வரைதான். மாலையில் சூரியன் போனாலும் தார் குடித்த சூடு போகாது. கத்திரி நாட்களில் இரவு எட்டரைக்கு முன் நான் இறங்குவதே இல்லை.

3. புறங்கையைத் தரையில் வையுங்கள்.

ஏழு வினாடி வைக்க முடியவில்லை என்றால் அந்தத் தரையில் நாயை நடத்தக் கூடாது. காற்று 31 டிகிரி இருக்கும் பகலிலேயே நேர்வெயில் படும் தார் 60 டிகிரியைத் தொட்டுவிடும். நாம் செருப்புப் போட்டிருக்கிறோம், அதனால் தெரிவதில்லை. பாதம் மட்டும் இல்லை, நாயின் வயிறும் தரைக்கு அருகில்தான் இருக்கிறது. கீழிருந்து எழும் அனலை அது முழுசாக வாங்கிக்கொள்கிறது. தெருவோர மண், புல், மர நிழல் பார்த்து நடத்துங்கள். நாய்க்கு ஷூ வாங்கிப் போட்டால் பாதம் தப்பும், உடம்புச் சூடு குறையாது.

4. மொட்டையடிக்காதீர்கள்.

மார்ச் பிறந்தால் ஹஸ்கியையும் ரிட்ரீவரையும் சலூனில் விட்டு ஒட்ட மழித்துக் கூட்டி வருகிறார்கள். அன்பில் செய்வதுதான், ஆனால் தவறு. இந்த இனங்களுக்கு இரண்டு அடுக்கு முடி. அடியில் பஞ்சு போன்றது, மேலே நீண்ட முரட்டு முடி. மேல்முடிதான் வெயில் தோலில் நேராக விழாமல் காக்கிறது. மழித்தால் தோல் வெந்துபோகும். சில நாய்களுக்கு முடி திரும்பச் சரியாக வளர்வதும் இல்லை, திட்டுத் திட்டாக நிற்கும். செய்ய வேண்டியது சீவுவது. அடிமுடியை இழுக்கும் நீளப்பல் சீப்பு ஒன்று வாங்கி, முடி கொட்டும் காலத்தில் தினம் பதினைந்து நிமிடம் சீவுங்கள். வாளி வாளியாகப் பஞ்சு வரும். அது போனால்தான் தோலுக்குக் காற்று போகும். சீவும்போதே காது மடிப்பிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் இருக்கும் நாய் வெயிலை அறவே தாங்காது.

5. கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்பைச் சுற்றிய ஹார்னெஸ் போடுங்கள். நாய் இழுக்கும்போது பட்டை தொண்டையை நெரிக்கும், இரைக்க விடாது. வாயை இறுக்கிக் கட்டும் துணி மூடி வேண்டவே வேண்டாம். மூடி கட்டாயம் என்றால், உள்ளே வாயைத் திறந்து இரைக்க இடமுள்ள கூடை மாதிரியானதைப் பாருங்கள்.

6. தண்ணீர் பாட்டிலும் மடக்குக் கிண்ணமும் இல்லாமல் படி இறங்காதீர்கள்.

7. நாள் முழுக்க ஏசி அறையில் படுத்திருந்த நாயை நேராகத் தெருவில் இறக்காதீர்கள். அந்த உடம்புக்கு வெயில் பழகியிருக்காது. கோடை தொடங்கும்போது ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று சில வாரம் எடுத்துப் பழக்குங்கள். பருத்த நாய்க்கும் வயதான நாய்க்கும் இன்னும் குறைவாக.

8. நாக்கைப் படியுங்கள்.

சாதாரண இரைப்பில் நாக்கு ஒழுங்காகத் தொங்கும். சூடு ஏறினால் நுனி அகன்று கரண்டி போல வளையும். எச்சில் கெட்டியாகி நூலாக இழுபடும். ஈறு செக்கச்செவேல் என்றாகும். நிழலைத் தேடி இழுக்கும், கூப்பிட்டால் திரும்பாது. இந்த இடத்திலேயே நடையை முடித்துவிடுங்கள், வீடு பக்கம்தானே என்று நடத்தாதீர்கள். தள்ளாட்டம், வாந்தி, கழிச்சல் வந்துவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று பொருள்.

9. முதலில் குளிர வையுங்கள், பிறகு வண்டி தேடுங்கள்.

நான் அன்று தலைகீழாகச் செய்தேன். நாயை நிழலுக்குத் தூக்குங்கள். உடம்பெல்லாம் தோல்வரை நனையும்படி தண்ணீர் ஊற்றுங்கள். அடர்முடியில் மேலே ஊற்றுவது உள்ளே இறங்காது, கைவிட்டு முடியை விலக்கி ஊற்ற வேண்டும். வயிறு, தொடையிடுக்கு, அக்குள் விடாதீர்கள். கூடவே விசிறுங்கள், மின்விசிறி இருந்தால் இன்னும் நல்லது. ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விடக் கூடாது, அது சூட்டை உள்ளே அடைத்துவிடும். பச்சைத் தண்ணீர் போதும், ஐஸுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆனால் மே மாத மதியம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும். கீழ்த்தொட்டித் தண்ணீரையோ குடிதண்ணீர் கேனையோ எடுங்கள். நினைவில்லாத நாயின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். வண்டியில் ஏசி போடுங்கள், இல்லாவிட்டால் எல்லாக் கண்ணாடியையும் இறக்குங்கள்.

10. எழுந்து வாலாட்டினாலும் மருத்துவரிடம் போங்கள்.

ராஜா அன்று இரவு கண் திறந்தான். என் கையை நக்கினான். நாங்கள் பிழைத்துவிட்டான் என்றே நினைத்தோம். வெப்பம் உள்ளே சிறுநீரகத்தைக் கெடுத்திருந்தது. இந்தக் கேடு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். மூன்றாம் நாள் அவன் போய்விட்டான்.

11. ஒரு நாள் நடை தவறினால் நாய்க்கு ஒன்றும் ஆகாது.

மலஜலத்துக்கு ஐந்து நிமிடம் இறக்கி ஏற்றினால் போதும். சாப்பாட்டை வீட்டுக்குள் நாலைந்து இடத்தில் ஒளித்து வைத்துத் தேட விடுங்கள், ஒரு மணி நேரம் ஓடிய களைப்போடு படுத்துக்கொள்ளும்.

12. உங்கள் பகுதியில் ராத்திரியிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனையின் எண்ணை இன்றே கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். அன்று மாலை என்னிடம் அந்த எண் இல்லை. யாரிடம் கேட்பது, எங்கே போவது என்று தெருவில் நின்றதிலேயே இருபது நிமிடம் போனது.