மாடிப்படி ஏறிப் படிக்கும் முதுமாணி

கேள்வி: சேர், எனக்கு வயது 31. அரச பாடசாலை ஆசிரியை. போன வருடம் ஊருக்குப் பக்கத்தில் உள்ள சிறிய தனியார் உயர்கல்வி நிறுவனம் ஒன்றில் கல்வி முகாமைத்துவ முதுமாணிக்குச் சேர்ந்தேன். புடைவைக் கடை ஒன்றின் மேல்மாடியில்தான் வகுப்பு, சனியும் ஞாயிறும் நடக்கும். எங்கள் பெட்ச்சில் பதினொரு பேர். சான்றிதழ் இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றுடையது என்கிறார்கள். கட்டணம் நாலரை இலட்சம், பாதி கட்டிவிட்டேன். அது என் வீட்டுக்கு மேல்மாடி கட்டவென்று வாப்பா சேர்த்து வைத்த காசு. உறவுக்காரர்கள் "கடைக் கம்பஸ்" என்று சிரிக்கிறார்கள். ஆனால் சேர், முதல் பட்டம் படித்த காலத்தில் இருநூறு பேர் இருந்த மண்டபத்தில் நான் ஒரு தடவைகூட வாய் திறந்ததில்லை. இங்கே ஒவ்வொரு கிழமையும் பேசுகிறேன், வாதாடுகிறேன். வாப்பாவின் காசை வீணாக்குகிறேனா? தொடரட்டுமா, விடட்டுமா?
– ஆசிரியை, சாய்ந்தமருது

பதில்: மகள், படிப்பு, பத்திரம் என்று இரண்டு விடயங்கள் உங்கள் கடிதத்தில் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. படிப்பைப் பற்றிய பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். இருநூறு பேருக்குள் மூடியிருந்த வாய் பதினொரு பேருக்குள் திறந்திருக்கிறது. என்னைக் கவலைப்படுத்துவது பத்திரம்தான். "இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றுடையது என்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிக் காசு கட்டிய பிறகும் "என்கிறார்கள்" என்று எழுதும் நிலையில் ஒரு மாணவி இருக்கக் கூடாது.

நம் நாட்டில் ஒரு தனியார் நிறுவனத்தில் படித்து முதுமாணி பெற நேர்மையான வழிகள் இரண்டு. முதலாவது, அந்த நிறுவனமே பட்டம் வழங்குவது. அதற்கு 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் அமைச்சரின் அங்கீகாரம் வேண்டும். அது வர்த்தமானியில் வெளிவந்திருக்க வேண்டும். அங்கீகாரம் கட்டடத்துக்கோ பெயர்ப்பலகைக்கோ கிடைப்பதில்லை, குறித்த பட்டத்துக்குத்தான் கிடைக்கிறது. ஒரே நிறுவனத்தின் ஒரு பட்டம் வர்த்தமானியில் இருக்கும், பக்கத்து அறையில் நடக்கும் இன்னொன்று இருக்காது. இரண்டாவது, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் பட்டம் வழங்க, இங்குள்ள நிறுவனம் கற்பித்துக் கொடுப்பது. அப்போது அந்தப் பல்கலைக்கழகத்தை நமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று பார்க்க வேண்டும். பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டேடு, சர்வதேசப் பல்கலைக்கழகக் கைந்நூல் ஆகிய இரண்டில் ஒன்றில் இடம்பெற்றவற்றைத்தான் ஆணைக்குழு வழக்கமாகக் கணக்கில் எடுக்கிறது. உங்களுக்குப் பொருந்துவது இந்த வழி.

நம் பிள்ளைகள் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. விளம்பரத்தில் "லெவல் 7" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். பிரித்தானிய அளவில் 7ஆம் மட்டம் முதுமாணிக்குரிய மட்டம் என்பது உண்மை. ஆனால் அதே மட்டத்தில் டிப்ளோமாவும் இருக்கிறது. 120 கிரெடிட் முடித்தால் டிப்ளோமா. ஆய்வேட்டுடன் சேர்த்து 180 முடித்தால்தான் முதுமாணி. நமது இலங்கைத் தகைமைக் கட்டமைப்பிலோ 7 என்பது வெறும் பட்டப்பின் சான்றிதழ். 8 பட்டப்பின் டிப்ளோமா. முதுமாணி 9இலும் 10இலும் வருகிறது, முதுதத்துவமாணி 11, கலாநிதி 12. இரண்டு நாட்டு ஏணிகளிலும் ஒரே இலக்கம், ஆனால் படி வேறு. கையில் வரப்போவது எந்த ஏணியின் எந்தப் படி, பட்டமா டிப்ளோமாவா என்பதை எழுத்தில் கேளுங்கள்.

அடுத்த தவணை கட்டுமுன் அலுவலகத்துக்குப் போய் மூன்று கடதாசிகள் கேளுங்கள்: அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் இந்த நிறுவனத்துக்கும் உள்ள, இன்னும் காலாவதியாகாத ஒப்பந்தம், உங்கள் பெயரில் பல்கலைக்கழகம் கொடுத்த பதிவிலக்கம், சென்ற பெட்ச்சில் முடித்த ஒருவரின் சான்றிதழ்ப் பிரதி. பிறகு அந்தப் பதிவிலக்கத்தை வைத்து நீங்களே இங்கிலாந்துக்கு மின்னஞ்சல் போடுங்கள். கொழும்பு 7, வார்ட் பிளேஸில் உள்ள ஆணைக்குழுவுக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். பதவி உயர்வுக்கு இந்தப் பட்டத்தை ஏற்பார்களா என்பதை வலயக் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வையுங்கள். வாய்ப்பேச்சு இடமாற்றத்தோடு போய்விடும்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2008இல் மாலபேயில் தொடங்கிய தனியார் மருத்துவ நிறுவனமான சைட்டத்தை மறந்திருக்க மாட்டீர்கள். அங்கே படித்தது முதல் பட்டத்துக்குத்தான், இருந்தாலும் கதை ஒன்றுதான். அங்கீகாரம் பற்றிய சண்டை தெருவிலும் நீதிமன்றத்திலும் வருடக்கணக்கில் நடந்தது. கடைசியில் 2018இல் பிள்ளைகளைக் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்ற வேண்டி வந்தது. யார் பக்கம் நியாயம் என்று பெரியவர்கள் வாதாடிய காலம் முழுக்க, வயது போய்க்கொண்டிருந்தது அந்த மாணவர்களுக்கு.

என் வாழ்க்கையிலும் ஒன்று உண்டு. நான் வார இறுதிகளில் கற்பித்த ஓர் இடத்தில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துடனான ஒப்பந்தம் நடுவில் முடிந்துபோனது. மாணவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆறு பேரின் ஆய்வேடுகள் அலுவலக மேசையில் எட்டு மாதம் கிடந்தன. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த மேசையைக் கடந்துதான் வகுப்புக்குப் போனேன். ஏன் இன்னும் அனுப்பவில்லை என்று நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அந்த ஆறு பேரில் ஒருவரைச் சந்தையில் கண்டால் இன்றும் எனக்கு முகம் கொடுக்க முடிவதில்லை.

இனிப் படிப்புக்கு வருவோம். "கடைக் கம்பஸ்" என்ற சிரிப்பை விட்டுவிடுங்கள். அதே போன்ற ஒரு மேல்மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆய்வு முறையியல் எடுத்திருக்கிறேன். ஒன்பது பேர், பிளாஸ்டிக் கதிரைகள். கரண்ட் போனால் யன்னலைத் திறந்து கீழே போகும் பஸ்ஸின் ஹோர்ன் சத்தத்தோடு பாடம் நடக்கும். ஒரு நாள் தாதி உத்தியோகத்தரான மாணவி ஒருவர் தன் கிளினிக்குக்கு வந்த தாய்மாரின் மாதக் கணக்கைக் கொண்டுவந்தார். இரண்டு மாதங்களில் எண்ணிக்கை பாதியாகக் குறைந்திருந்தது. காரணம் என்ற இடத்தில் "விழிப்புணர்வுக் குறைவு" என்று எழுதியிருந்தார். நானும் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் போகப் பார்த்தேன். பின்னால் இருந்த சம்மாந்துறைப் பிள்ளை மெதுவாகக் கையை உயர்த்தி, "சேர், அந்த ரெண்டு மாசமும் எங்கட ஊரில வெட்டுக்காலம். காலையில கிளினிக் வெச்சா யார் வருவா?" என்றார். அன்றைக்கு மிச்சம் இருந்த மூன்று மணித்தியாலமும் அந்த ஒரே அட்டவணையில்தான் கழிந்தது. லுஹருக்குப் போய் வந்தும் விவாதம் முடியவில்லை. தாதி தன் ஆய்வின் தலைப்பையே மாற்றினார். தாய்மாரின் அறியாமையைப் பற்றி எழுத வந்தவர், கிளினிக் நேரத்தைப் பற்றி எழுதினார். ஒன்பது பேரும் ஒருவருக்கொருவர் ஊரும் தொழிலும் அறிந்தவர்களாக இருந்ததால்தான் அந்தக் கை உயர்ந்தது என்று நினைக்கிறேன்.

சின்ன இடத்தின் குறையும் சின்னதல்ல. நூலகம் என்று ஓர் அலுமாரி இருக்கும். வழிகாட்ட மூத்த ஆய்வு மாணவர் யாரும் இருக்க மாட்டார். விரிவுரையாளர் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து, வகுப்பை முடித்து அடுத்த இரவு பஸ்ஸில் போய்விடுவார். சந்தேகம் திங்கட்கிழமை வந்தால் வட்ஸ்அப்தான். ஆகவே வீட்டில் செய்ய வேண்டியது அதிகம். நீங்களே கணக்குப் பாருங்கள்: பிரித்தானியாவின் 180 கிரெடிட், ஒன்றுக்குப் 10 மணித்தியாலம் வீதம் 1,800 மணித்தியாலம். நமது 9ஆம் மட்ட முதுமாணியின் 30 கிரெடிட், ஒன்றுக்கு 50 வீதம் 1,500. நீங்கள் சனி ஞாயிறு ஆறு ஆறு மணித்தியாலமாக நாற்பது கிழமை தவறாமல் போனாலும் 480தான் வரும். எந்தக் கணக்கில் பார்த்தாலும் மாடியில் கழிவது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சப் படிப்பு உங்கள் குசினிக்கும் பிள்ளைகளின் நித்திரைக்கும் இடையில் நடக்க வேண்டியது. அதற்கு வீட்டார் இடம் தருகிறார்களா என்பதும் கட்டணத்தைப் போலவே பெரிய கேள்வி. வாப்பா காசு தந்திருக்கிறார். ஞாயிறு பின்னேரம் அடுப்படியை யார் பொறுப்பெடுக்கிறார்கள்?

நூலகம் இல்லாத குறையை ஆய்வுத் தலைப்பால் ஓரளவு ஈடுகட்டலாம். கைக்கு எட்டும் இடத்தில் தரவு இருக்கும் தலைப்பாக எடுங்கள். மருதமுனையில் நெசவு செய்யும் வீட்டுப் பிள்ளைகளின் பாடசாலை வரவு, சுனாமிக்குப் பிறகு கடலோரத்திலிருந்து குடியமர்த்தப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் எந்தப் பாடசாலைக்குப் போனார்கள் என்பது, உங்கள் பாடசாலையின் பத்து வருட வரவுப் பதிவேடு எல்லாமே ஆய்வுக்குரியவை. இவற்றை எழுத இலண்டன் நூலகம் வேண்டியதில்லை. காலையில் போய் மாலையில் திரும்பும் தூரத்தில் ஒலுவில் இருக்கிறது. அங்குள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் வெளியாருக்கு என்ன வசதி என்று போய்க் கேளுங்கள். 1995 ஒக்டோபரில் அந்தப் பல்கலைக்கழகம் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது. 1996 மே மாதம் தனிப் பல்கலைக்கழகமானது. போர்க்காலத்தில் வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படிக்க முடியாமல் நின்ற நம் பிள்ளைகளுக்காக, அப்போது அமைச்சராக இருந்த மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப் முன்னின்று பெற்றுத்தந்தது அது. நீங்கள் அங்கே பதிவு பெற்ற மாணவியாக இல்லாவிட்டாலும் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

தூரத்துப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை இங்கிருந்தே படித்து வாங்குவது நம் கரைக்குப் புதிதும் அல்ல. பக்கத்துக் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1920இல் விஞ்ஞானமாணிப் பட்டம் பெற்றது இலண்டன் பல்கலைக்கழகத்தின் பரீட்சை எழுதித்தான். 1943இல் அவர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார்.

ஆக, மகள், மூன்று கடதாசியும் கிடைத்து, இங்கிலாந்திலிருந்தும் சரியான பதில் வந்தால் தொடருங்கள், நன்றாகத் தொடருங்கள். கட்டணம் ரூபாயிலா பவுணிலா என்பதையும் உறுதிப்படுத்துங்கள். 2022இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியபோது வெளிநாட்டுப் பதிவுக் கட்டணம் கட்ட முடியாமல் நின்றவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். கடதாசி தராமல் "அடுத்த கிழமை" என்று இழுத்தடித்தால், இரண்டாவது தவணையைக் கட்டாதீர்கள். கட்டியது போய்விட்டதே என்று மிச்சத்தையும் கொட்ட வேண்டாம். அந்தப் பாதி வாப்பாவிடமே இருக்கட்டும். எந்த முடிவானாலும் அவரை ஒரு நாள் கூட்டிப் போய் அந்த வகுப்பைக் காட்டுங்கள். மகள் வாதாடுவதை அவர் பார்க்க வேண்டும்.

கேள்வி: சேர், நானும் இப்படியான ஓர் இடத்தில்தான் வணிக நிர்வாக முதுமாணி செய்கிறேன். வேலை முடிந்து வந்தால் ஒப்படை எழுத நேரமில்லை. பத்தாயிரம் கொடுத்தால் எழுதித் தர ஆள் இருக்கிறது. இப்போது செயற்கை நுண்ணறிவும் இருக்கிறது. எல்லோரும் செய்கிறார்கள். இதில் என்ன பிழை?
– வங்கி ஊழியர், நிந்தவூர்

பதில்: தம்பி, கடன் கேட்டு வருபவர் வேறொருவரின் சம்பளப் பட்டியலைக் கொண்டுவந்தால் நீங்கள் கையெழுத்து வைப்பீர்களா? உங்கள் ஒப்படையும் அப்படித்தான். பெரிய பல்கலைக்கழகத்தில் ஒருவர் இப்படிச் செய்தால் கெடுவது அவருடைய பெயர். பன்னிரண்டு பேர் படிக்கும் இடத்தில் இரண்டு பேர் பிடிபட்டால், வெளிநாட்டுப் பரீட்சகர் மற்றப் பத்துப் பேரின் தாள்களையும் சந்தேகக் கண்ணோடுதான் திறப்பார். கூட இருக்கும் பத்துப் பேரின் பத்திரத்தையும் நீங்கள் சேர்த்து விற்கிறீர்கள். நேரம் இல்லையென்றால் பாடத்தை அடுத்த தவணைக்குத் தள்ளிப் போடக் கேளுங்கள். சின்ன இடத்தில் அதிபரின் அறைக்கதவைத் தட்டுவது இலகு. அந்த வசதியைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: சிறிய தனியார் உயர்கல்வி நிலையம் ஒன்று உண்மையிலேயே தரமாக இருக்க முடியுமா? எங்காவது இருக்கிறதா? நான் சேர்வதா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.
– கணிதப் பட்டதாரி, மருதமுனை

பதில்: இருக்கிறது. கணிதம் படித்தவர் என்பதால் சென்னைக் கணித நிறுவனத்தைச் சொல்கிறேன். கணித மேதை சி.எஸ். சேஷாத்ரி 1989இல் ஒரு தனியார் தொழிற்குழுமத்தின் அறக்கட்டளைக்குள் ஒரு சின்னப் பிரிவாக அதைத் தொடங்கினார். தன் பெயரில் பட்டம் கொடுக்கும் உரிமை அதற்கு 2006இல்தான் வந்தது. அதுவரை வேறு பல்கலைக்கழகங்களின் பெயரில்தான் பட்டம். அப்படியிருந்தும் கெட்டிக்காரப் பிள்ளைகள் அங்கே போனார்கள். கற்பிப்பவர்கள் தாங்களும் கணிதம் செய்துகொண்டிருந்தவர்கள். அதே சென்னையில் ஆசிய இதழியல் கல்லூரி இருக்கிறது. அது கொடுப்பது டிப்ளோமாதான், பத்திரிகை உலகில் அதற்கு மதிப்பு உண்டு.

நம் கரையில் உள்ள இடங்களை அவற்றோடு ஒப்பிட நான் வரவில்லை. எதைப் பார்த்துச் சேர வேண்டும் என்பதற்குத்தான் சொன்னேன். கட்டடத்தையும் விளம்பரத்தில் உள்ள கொடிகளையும் விடுங்கள். யார் கற்பிக்கிறார், அவர் கடைசியாக எதை எழுதினார், எத்தனை பேருடைய ஆய்வேட்டை ஒரே நேரத்தில் மேற்பார்வை செய்கிறார் என்று கேளுங்கள். பணம் கட்டுமுன் ஒரு சனிக்கிழமை வகுப்பில் சும்மா இருந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் தருவார்கள். பின்வரிசையில் இருந்துகொண்டு, மூன்று மணித்தியாலத்தில் மாணவர்கள் எத்தனை தடவை பேசினார்கள் என்று கொப்பியில் கோடு கோடாகப் போட்டு வாருங்கள். அந்தக் கோடுகளை எண்ணிவிட்டு எனக்கு எழுதுங்கள், மிச்சத்தைப் பேசுவோம்.